பூட்டும் உரிமையும்: திரைப்பட இறுவட்டுக்களைப் பிரதிசெய்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விலைகொடுத்து நூலொன்றை வாங்கிய ஒருவர் அதனை வீட்டிலிருந்து படிக்கலாம். பிரயாணத்தின்போது உடன்கொண்டு செல்லலாம். நண்பர்க்கு இரவலாகவும் கொடுக்கலாம். இவற்றுக்குப் பதிப்பாளரின் அனுமதி வேண்டும் என எவரும் கருதுவதில்லை. ஆயின், திரைப்படம் பதிக்கப்பட்ட இறுவட்டொன்றை வாங்கியவர் அப்படத்தைத் தமது கையடக்கக் கருவியிற் பார்ப்பதற்காகப் பிரதிசெய்ய முற்படுமிடத்து, சட்டம் அவருக்குத் துணைநிற்குமா என்னும் வினாவுக்கு எளிதில் விடை கூறல் இயலாது. இவ்வினா நீதிமன்றங்களில் மிக விரிவாக ஆராயப்பட்டது ஐக்கிய அமெரிக்காவிலேயாகும். அங்கு 1976 முதலாக எழுந்த வழக்குகளை ஒருசேர நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். பிரதிசெய்தல் நியாயமானதா என்பதைக் காட்டிலும், பிரதிசெய்யப்படும் பொருளுக்குப் பூட்டு இடப்பட்டிருந்ததா என்பதே முடிவுகளை நிர்ணயித்துள்ளது. இவ்வுண்மையினை வரலாற்று அடிப்படையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோனி நிறுவனம் 1975இல் பீற்றாமாக்ஸ் என்னும் வீடியோப் பதிவுக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை நாடாவிற் பதிந்து வசதியான வேறொரு நேரத்திற் பார்ப்பதற்கு அது வழிவகுத்தது. 1976 நவம்பரில் யூனிவேர்சல், டிஸ்னி ஆகிய திரைப்பட நிறுவனங்கள் லொஸ் ஏஞ்சல்சிலுள்ள மாவட்ட நீதிமன்றத்தில் சோனிக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. வீட்டிலிருந்து பதிவுசெய்வோர் பதிப்புரிமையை மீறுகின்றனர் என்பதும், அம்மீறலுக்குக் கருவியை விற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் அவற்றின் வாதங்களாகும். 1979இல் மாவட்ட நீதிமன்றம் சோனிக்குச் சாதகமாகவும், 1981இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பாதகமாகவும் தீர்ப்பளித்தன. ஈற்றில், 1984 சனவரி 17ஆந் திகதி உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையாற் சோனியின் பக்கமே தீர்ப்பு வழங்கியது.

நீதியரசர் ஜோன் போல் ஸ்ரீவன்ஸ் எழுதிய இத்தீர்ப்பு இரு கோட்பாடுகளை நிலைநாட்டியது. ஒளிபரப்பைப் பின்னொரு நேரத்திற் பார்ப்பதற்காக வீட்டிற் பதிவுசெய்தல் நியாயமான பயன்பாடாகும் என்பது முதலாவது. சட்டத்துக்கு இயைந்த கணிசமான பயன்பாடுகளையுடைய ஒரு கருவியை விற்பவர், வாங்குவோர் சிலர் அதனைத் தவறாகப் பயன்படுத்தினர் என்பதனால் மட்டும் குற்றவாளியாகார் என்பது இரண்டாவது. புதிய கருவியொன்றை ஆக்குவோர் முன்கூட்டியே திரைப்பட நிறுவனங்களின் சம்மதத்தைப் பெறவேண்டியதில்லை என்பதே இரண்டாங் கோட்பாட்டின் உட்பொருள் எனலாம். எனினும், அத்தீர்ப்பு இலவசமாக ஒளிபரப்பப்பட்ட நிகழ்ச்சிகளைப் பற்றியதே என்பது மனங்கொள்ளத்தக்கது. விலைக்கு வாங்கிய பதிவொன்றை வேறொரு கருவிக்கு மாற்றுதல் பற்றி அது எதுவும் கூறவில்லை.

அவ்வினா முதலில் இசைத்துறையிலேயே எழுந்தது. 1982இல் அறிமுகமான இசை இறுவட்டில் ஒலி மறைகுறியீடு எதுவுமின்றியே பதியப்பட்டிருந்தது. 1998இல் டயமண்ட் மல்ரிமீடியா நிறுவனம் ரியோ என்னும் கையடக்க இசைக் கருவியை வெளியிட்டபோது, இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் அதனைத் தடைசெய்யக் கோரியது. 1999 யூனில் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. பீற்றாமாக்ஸ் கருவி பார்க்கும் நேரத்தை மாற்றியது போன்று, ரியோ கேட்கும் இடத்தை மாற்றுகின்றது எனவும், அது வணிக நோக்கமற்ற தனிப்பட்ட பயன்பாடே எனவும் நீதிமன்றம் கருதியது. 2005 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் நிகழ்ந்த குரொக்ஸ்ரர் வழக்கில், இசை, திரைப்பட நிறுவனங்களின் சட்டத்தரணியே, விலைக்கு வாங்கிய இசை இறுவட்டைக் கணனிக்கும் அதிலிருந்து ஐபொட் கருவிக்கும் மாற்றுதல் முற்றிலும் சட்டபூர்வமானது என ஒப்புக்கொண்டார்.

இசைக்குப் பொருந்திய இந்நியாயம் திரைப்படத்துக்குப் பொருந்தாது போனமைக்குக் காரணம் இறுவட்டின் அமைப்பேயாகும். டீவீடி என வழங்கும் திரைப்பட இறுவட்டு 1996 நவம்பரில் யப்பானிலும், 1997 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஓர் அடுக்கில் 4.7 கிகாபைற் கொள்ளளவுடைய இவ்விறுவட்டில் முழுநீளத் திரைப்படமொன்று அடங்கியது. நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதிசெய்யும்போது ஒவ்வொரு தடவையும் தெளிவு குன்றும். இலக்கமுறைப் பிரதியோ மூலத்தினின்றும் வேறுபடுவதில்லை. இதனால் அச்சங்கொண்ட திரைப்பட நிறுவனங்கள், உள்ளடக்கத்தைக் குலைத்துப் பதியும் சீ.எஸ்.எஸ். என்னும் மறைகுறியீட்டு முறையை ஏற்பாடு செய்வித்தன. ஒரே மூலத்திலிருந்து எண்ணற்ற பிரதிகள் பெருகக்கூடிய நிலையில் அவ்வச்சம் ஆதாரமற்றது எனக் கூறிவிடலாகாது.

இம்முறையின் உள்ளியல்பு கருதத்தக்கது. குலைக்கப்பட்ட படத்தை மீளச் சீராக்குவதற்கு 40 பிற் நீளமுடைய திறவுகோல்கள் தேவை. அவற்றைப் பெற விரும்பும் கருவி உற்பத்தியாளர், டீவீடி பிரதிக் கட்டுப்பாட்டுச் சங்கத்துடன் ஒப்பந்தஞ் செய்யவேண்டும்; தமது கருவி எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்தலாகாது என்னும் நிபந்தனைகளை ஏற்கவும் வேண்டும். 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு வேண்டாம் என்று விலக்கிய முன்னனுமதி, இவ்வாறு ஒப்பந்த வடிவில் மீண்டும் புகுந்தது.

பூட்டுக்குச் சட்டத்தின் காவலும் விரைவிற் கிடைத்தது. 1996 டிசெம்பரில் ஜெனீவாவில் நிறைவேறிய உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் பதிப்புரிமை உடன்படிக்கைக்கு இணங்க, 1998 ஒக்ரோபர் 28ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவில் இலக்கமுறை ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கையெழுத்தாகியது. அதன் 1201ஆம் பிரிவு, படைப்பொன்றை அணுகுவதைக் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பப் பூட்டை மீறுவதையும், அதற்கான கருவிகளை ஆக்கி விநியோகிப்பதையும் தடைசெய்தது. நியாயமான பயன்பாட்டை இப்பிரிவு பாதிக்காது என்ற வாசகமும் அதே சட்டத்தில் இடம்பெற்றது. எனினும், பூட்டை மீறியோர்க்கு அவ்வாசகம் கேடயமாக உதவவில்லை என்பதைப் பின்வந்த வழக்குகள் காட்டின.

1999 ஒக்ரோபரில் டீசீஎஸ்எஸ் என்னும் சிறிய கணனி நிரல் இணையத்தில் வெளியாயிற்று. இது சீ.எஸ்.எஸ். மறைகுறியீட்டை நீக்கவல்லது. இதனுடன் தொடர்புடையவருள் ஒருவரான யோன் லெக் யோஹான்சன் அப்போது பதினைந்து வயதுடைய நோர்வே நாட்டு இளைஞர். அந்நிரலை விநியோகித்த '2600' என்னும் சஞ்சிகையின் வெளியீட்டாளருக்கு எதிராகத் திரைப்பட நிறுவனங்கள் நியூ யோர்க்கில் வழக்குத் தொடுத்தன. 2000 ஓகஸ்ற்றில் நீதிபதி லூயிஸ் கப்லன் விநியோகத்துக்குத் தடைவிதித்தார். 2001 நவம்பரில் இரண்டாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. நியாயமான பயன்பாடு என்பது மூலத்தின் அதே தரத்திலே பிரதிசெய்யும் உரிமையை உறுதிசெய்வதன்று எனவும், வேண்டுவோர் திரையில் ஓடும் படத்தைக் கமராவைக் கொண்டு பிடித்துக்கொள்ளலாம் எனவும் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியமை குறிப்பிடத்தக்கது. உரிமை மறுக்கப்படவில்லை, அதனைச் செவ்வனே பயன்படுத்தும் வழியே மறுக்கப்பட்டது.

அதே நிரல் தொடர்பாக நோர்வேயில் எழுந்த முடிவு முற்றிலும் வேறானது. 2003 சனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் யோஹான்சனை விடுதலை செய்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஆதரித்தது. விலைக்கு வாங்கிய இறுவட்டை அணுகும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதே அத்தீர்ப்புக்களின் அடிப்படையாகும். 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தை ஒத்த ஏற்பாடு அவ்வேளை நோர்வேயில் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஒரே செயல், சட்டத்தின் காவல் பூட்டுக்கு உள்ள நாட்டில் ஒரு விதமாகவும், இல்லாத நாட்டில் மற்றொரு விதமாகவும் மதிப்பிடப்பட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2004ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் நிகழ்ந்த வழக்குகள் அமெரிக்க நிலைப்பாட்டை மேலும் இறுக்கின. இறுவட்டுக்களுக்குக் காப்புப்பிரதி எடுக்கும் மென்பொருளை விற்ற 321 ஸ்ரூடியோஸ் என்னும் நிறுவனம் 2004 பெப்ரவரியிற் கலிபோர்ணிய நீதிமன்றத்தில் தோல்வியுற்று, அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. 2008 செப்ரெம்பரில் ரியல்நெற்வேர்க்ஸ் நிறுவனம் ரியல்டீவீடி என்னும் மென்பொருளை வெளியிட்டது. அந்நிறுவனம் திறவுகோலுக்குரிய ஒப்பந்தத்தைச் செய்திருந்தது. அதன் மென்பொருள் மூலப் பூட்டை அகற்றாது, மேலுமொரு பூட்டையிட்டு, பிரதியை வரையறுத்த சில கணனிகளில் மாத்திரம் இயங்கச் செய்தது. இத்துணைக் கட்டுப்பாடு இருந்தும், 2009 ஓகஸ்ற்றில் நீதிபதி மரிலின் ஹோல் பட்டேல் அதன் விற்பனையைத் தடைசெய்தார். தனியொருவர் தமது இறுவட்டுக்குக் காப்புப்பிரதி எடுத்தல் நியாயமான பயன்பாடாக அமையக்கூடும் எனினும், அதற்கான கருவியை ஆக்கி விற்றலைச் சட்டம் தடைசெய்கின்றது என்பதே அவர் கொண்ட முடிவு. மேற்கூறிய அமெரிக்க வழக்குகள் பிரதிசெய்த தனியாளரை அன்றி, வழிசெய்து கொடுத்தோரையே இலக்காகக் கொண்டமை அவதானிக்கத்தக்கது.

சட்டத்துக்குள்ளேயே ஒரு வாயிலும் வைக்கப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கொங்கிரஸ் நூலகத்தின் நூலகர் விதிவிலக்குகளை வழங்கலாம். 2006இல் திரைப்படக் கல்வி கற்பிக்கும் பேராசிரியர்கள் வகுப்பறைக்கெனக் காட்சித்துண்டுகளைப் பிரித்தெடுப்பதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2010இல் அது விரிவாக்கப்பட்டது. ஆயினும், இறுவட்டு இயக்கியற்ற கையடக்கக் கருவிகளிற் பார்ப்பதற்காக முழுப்படத்தையும் மாற்றுவதற்குக் கோரப்பட்ட விலக்கு 2012இலும் 2015இலும் நிராகரிக்கப்பட்டது. கல்விமானுக்குச் சிறுதுண்டு கிடைத்தது. சாதாரண உரிமையாளருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஏனைய நாடுகளும் இச்சிக்கலை எதிர்நோக்கின. ஜேர்மனி 1965இலேயே தனிப்பட்ட பிரதிசெய்தலை அனுமதித்து, பதிவுக் கருவிகள் மீது அறவிடப்படும் கட்டணத்தின் மூலம் படைப்பாளிகளுக்கு ஈடுசெய்யும் முறையை ஏற்படுத்தியது. கனடா 2012இல் தனிப்பட்ட தேவைக்கான பிரதியை அனுமதித்தது. ஆயின் பூட்டை மீறாதிருத்தல் அதற்கு நிபந்தனையாயிற்று. பிரித்தானியா 2014 ஒக்ரோபரில் அளித்த விலக்கு, உரிமையாளருக்கு ஈடு வழங்காமைக்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்பதால், 2015 யூலையில் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

அங்ஙனமாயின் அமெரிக்க வாசிக்கு ஐயமற்ற வழிகள் எவை? பூட்டிடப்படாததும், தாமே படைத்ததோ பொதுவுடைமையானதோ ஆன படமும் முதலாவது வகையின. பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டமையால் அந்நாட்டிற் பொதுவுடைமையாகிவிட்ட, 1968இல் வெளியான 'நைற் ஒவ் த லிவிங் டெட்' இதற்கு உதாரணமாகும். திரைப்பட நிறுவனங்களே திறந்துவிட்ட வழிகள் இரண்டாவது வகையின. 2008 முதல் சில இறுவட்டுக்களுடன் ஐபொட் முதலிய கருவிகளுக்கான இலக்கமுறைப் பிரதியும் சேர்த்து விற்கப்பட்டது. 2011இல் அல்ட்ராவயலெற் என்னும் பொதுச் சேவை தொடங்கிற்று. 2012இல் வோல்மார்ட் கடைகளுக்கு இறுவட்டை எடுத்துச்சென்று, படமொன்றுக்கு 2 டொலர் செலுத்தி, இணையத்திற் பார்க்கும் அனுமதியைப் பெறும் வசதி வந்தது. ஏற்கனவே வாங்கிய ஒன்றுக்கு மீண்டும் விலை கொடுக்கும் ஏற்பாடே இது. 2019 யூலை 31ஆந் திகதி அல்ட்ராவயலெற் மூடப்பட்டது. வேறு சேவைகளுடன் தம் கணக்கை இணைத்திருந்தோர் பெரும்பாலும் தமது படங்களைத் தக்கவைத்துக்கொண்டனர். ஆனால் அதற்கு மற்றொரு நிறுவனத்தின் தயவு வேண்டியிருந்தது. அலமாரியிலிருந்த இறுவட்டுக்கு அத்தகைய தயவு தேவைப்படவில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, திருட்டு வியாபாரத்தைத் தடுத்தல் என்னும் நியாயமான நோக்கத்துடன் தோன்றிய பூட்டு, காலப்போக்கில் உடைமையின் பொருளையே மாற்றிவிட்டமை புலனாகும். இசை இறுவட்டை வாங்கியவர் உடைமையாளராகவே இருந்தார். திரைப்பட இறுவட்டை வாங்கியவர் அனுமதி பெற்றவராக மாறினார். இருவரும் செய்ய விரும்பியது ஒரே செயலே. இம்மாற்றம், பிரதிசெய்தல் நியாயமானதா என்பதை மக்கள் மன்றம் நேராக ஆராய்ந்து எடுத்த முடிவன்று. மறைகுறியீட்டையும், ஒப்பந்தத்தையும், அவற்றைக் காக்கும் சட்டப்பிரிவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதன் விளைவாகும். நூல்களும் ஆவணங்களும் ஆய்வுக்கட்டுரைகளும் இலக்கமுறைக்கு மாறி, அவற்றுக்கும் இத்தகைய பூட்டுக்கள் இடப்படும் காலத்தில், திரைப்பட இறுவட்டின் வரலாறு பொழுதுபோக்குச் சாதனமொன்றின் வரலாறாக மட்டும் கொள்ளத்தக்கதன்று. வாங்கிய பொருளின் திறவுகோல் யாரிடம் இருத்தல் வேண்டும் என்னும் வினா, நூலகங்களை நம்பி வாழும் கல்விச் சமூகத்தின் வினாவுமாகும்.