எறிந்த ஊசி யார் கையில் ஏறுகிறது?

1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் போட்டார்கள். சர்க்கரை நோயாளிக்கு அதுவே முதல் முறை. அன்று சிரிஞ்சு கண்ணாடி. கொதிக்க வைத்து, ஊசிமுனை மழுங்கினால் கல்லில் தீட்டி, அதையே மறுபடி போட்டுக்கொள்வார்கள். போட்டதும் எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்சு பின்னால் வந்தது. எங்கே எறிவது என்ற கேள்வியும் அதோடுதான் வந்தது.

இந்த நாட்டில் அள்ளுகிறவர்கள் எந்தச் சாதி என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1998இன் மருத்துவக் கழிவு விதிகள் மருத்துவமனைகளுக்கானவையாக இருந்தன. வீட்டில் போடும் ஊசியை 2016 திடக்கழிவு விதிகள் 'வீட்டு அபாயக் கழிவு' என்று பெயர் சொல்லித் தனியே பிரிக்கச் சொல்லின.

ரயிலில் என்ன செய்கிறோம்? மாநாட்டுக்குப் போகும் வழியில் டீ கப்புக்குள் ஊசியைப் போட்டுக் கசக்கிக் குப்பைக்கூடையில் திணித்தவர்கள் நம்மிலேயே உண்டு. (சாதி ஒழிப்புக் கூட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.) அந்தப் பையைக் கையால் அமுக்கி முடிச்சுப் போடுகிறவருக்கு உள்ளே ஊசி இருப்பது தெரியாது. ஒரு குத்தில் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. தொற்றலாம். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் பரிசோதனைக்குப் போகும் நாளின் கூலியும் போச்சு.

இப்போது பையில் காலி ஷாம்பு பாட்டில் ஒன்று வைத்திருக்கிறோம். கெட்டியான பிளாஸ்டிக், திருகுமூடி. தண்ணீர் பாட்டில் மெல்லியது, முனை வெளியே வந்துவிடும். விடுதிக் கூடையிலோ கழிப்பறையிலோ போடாமல் ஊருக்கே திரும்பக் கொண்டுவருகிறோம். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை ஒட்டி, மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதி, வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டு மருத்துவமனையில் கொடுத்துவிடுகிறோம்.