ஒட்டாத சிவப்பு பிறந்த கதை

மதுரைக்கு வடமேற்கே, வைகைப் பாசனத்தில் இருக்கிறது சோழவந்தான். அந்த ஊர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த இலையோடு பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மென்ற நம் பாட்டிமார்களின் உதட்டில் சிவப்பு ஊறிக் கிடக்கும். தண்ணீர் குடித்தாலும் சோறு சாப்பிட்டாலும் சட்டென்று போகாது. அந்த நிறம் இலை கொடுப்பதல்ல. பாக்கின் துவர்ப்புப் பொருள் சுண்ணாம்பின் காரம் பட்டுச் சிவக்கிறது, சிவந்தது தோலில் ஊறிவிடுகிறது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்ட உண்மை. அதனால் அந்தச் சிவப்பை யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் காலையில் போட்டு மாலைவரை நிற்கும் லிப்ஸ்டிக் எப்படிப் பிறந்தது என்று சொல்ல இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உதட்டின் மேல் பூசுவது ஒரு வேலை, உதட்டுக்குள் ஊறவைப்பது வேறு வேலை.

சாதாரண லிப்ஸ்டிக் பூசும் வகை. மெழுகு, எண்ணெய், நிறத்தூள், அவ்வளவுதான். எண்ணெய்களில் முக்கியமானது நம் வீட்டு விளக்கெண்ணெய். உலகின் ஆமணக்கில் பெரும்பங்கு விளைவது இந்தியாவில் என்பதால், எந்த நாட்டு லிப்ஸ்டிக்கிலும் நம் மண்ணின் சொட்டு ஒன்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மெழுகும் எண்ணெயும் உதட்டில் உட்கார்ந்திருக்குமே தவிர பிடித்துக்கொள்ளாது. காபி டம்ளர் விளிம்பில் பாதி போகும், துப்பட்டாவில் கொஞ்சம் போகும், மிச்சம் பல்லில்.

இதை மாற்ற 1920-களிலேயே ஒரு வழி தெரிந்திருந்தது. ஈயோசின் வகைச் சாயங்கள், தொழிலில் 'புரோமோ அமிலம்' என்பார்கள். குச்சியில் இருக்கும்போது மங்கலாக இருக்கும். உதட்டுத் தோலைத் தொட்ட பிறகுதான் சிவந்து, தோலின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். ஏறக்குறைய வெற்றிலை பாக்கு செய்கிற வேலையேதான். பிரான்சில் பால் போத்க்ரூ என்ற வேதியியலாளர் 1927-இல் 'ரூஜ் பெஸே' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நிறம் நின்றது. ஆனால் அந்த வகை லிப்ஸ்டிக்குகள் உதட்டை வறளவைத்தன. நிற்க வேண்டும், உதடும் காயக்கூடாது. இந்த இரண்டும் ஒன்றுசேர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

சேர்த்தவர் ஹேசல் பிஷப். 1906-இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர், டாக்டராக ஆசைப்பட்டவர். 1929-இல் பட்டம் வாங்கினார், அதே ஆண்டு பொருளாதாரம் சரிந்தது, மருத்துவப் படிப்பு கைநழுவியது. ஒரு தோல் மருத்துவரிடம் ஆய்வக உதவியாளராக இருந்துவிட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோலிய நிறுவனத்தில் வேதியியலாளராகச் சேர்ந்தார். விமான இன்ஜின்களின் சூப்பர்சார்ஜரில் கசடு ஏன் படிகிறது என்று கண்டுபிடித்தவர் அவர். உலோகத்தில் எது ஏன் ஒட்டுகிறது என்று பகலில் பார்த்தவர், உதட்டில் எது ஏன் ஒட்டவில்லை என்று இரவில் வீட்டுச் சமையலறையில் பார்த்தார். சாயம், எண்ணெய், உருக்கிய மெழுகு ஆகியவற்றின் அளவை மாற்றி மாற்றி 309 முறை செய்து பார்த்ததாகச் சொல்வார்கள். தோல் மருத்துவரிடம் கற்றதும் எண்ணெய் நிறுவனத்தில் கற்றதும் ஒரே அடுப்பில் சேர்ந்ததால்தான் இது நடந்தது என்று நான் நினைக்கிறேன். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் 309 போதாது.

1950 கோடையில் நியூயார்க்கின் லார்ட் அண்ட் டெய்லர் கடையில் அவருடைய லிப்ஸ்டிக் விற்பனைக்கு வந்தது. விலை ஒரு டாலர். முதல் நாளே சரக்கு தீர்ந்தது. அந்த ஆண்டு 50,000 டாலரைத் தொடாத விற்பனை, 1953-இல் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. போட்டிக்கு ரெவ்லான் என்ற ஒப்பனை நிறுவனம் இறங்கியது. ஆனால் விளம்பரத்துக்கு வந்த பங்குதாரரின் கைக்கே, ஹேசலின் பெயரில் இருந்த கம்பெனி போய்ச் சேர்ந்தது. வழக்குப் போட்டுச் சமரசமாகி, 1954-இல் ஹேசல் வெளியேறினார். அதன்பின் ஒப்பனைப் பொருள் எதையும் தன் சொந்தப் பெயரில் விற்க அவருக்கு உரிமை இல்லை. அவர் பெயர் கடையில் இருந்தது, அவர் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஊறவைக்கும் சாயத்துக்கும் ஒரு குறை இருந்தது. சிலருக்கு ஒவ்வாமையில் உதடு வெடித்துப் புண்ணானது. அந்தச் சாயம் இன்றும் மறையவில்லை. பச்சையாகவோ நீலமாகவோ இருந்து, பூசியதும் இளஞ்சிவப்பாகும் 'மேஜிக் லிப்ஸ்டிக்' ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைக்கிறதே, அதில் வேலை செய்வது இந்தக் குடும்பத்துச் சாயம்தான். உதட்டில் எரிச்சல் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

நிற்கும் லிப்ஸ்டிக்கின் இரண்டாவது பிறப்பு 1994-இல், ரெவ்லானின் 'கலர்ஸ்டே'யோடு. இந்த முறை ஊறவைக்கவில்லை. உதட்டின்மேல் ஒரு மெல்லிய ஏடு போட்டார்கள். சீக்கிரம் ஆவியாகும் திரவத்தில் சிலிகோன் பிசினையும் நிறத்தையும் கலந்துவிட்டால், திரவம் பறந்ததும் பிசின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு காய்ந்துவிடும். இன்று நம் ஊரில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும் லிக்விட் மேட் லிப்ஸ்டிக்குகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை.

மதுரைக்கு இது ஏன் முக்கியம் என்றால், இங்கே சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. மெழுகுக் குச்சி கைப்பைக்குள்ளேயே வியர்க்கும். திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் காலை பஸ்ஸில் வந்து, மாசி வீதி ஜவுளிக்கடைகளில் இரவுவரை நிற்கும் பெண்களுக்குக் கண்ணாடி முன் நின்று திருத்திக்கொள்ள நேரம் ஏது? கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்தில் சேர்த்ததே 2021-இல்தான். நிற்கும் லிப்ஸ்டிக் யாருக்காவது தேவையென்றால் முதலில் இவர்களுக்குத்தான், அவர்கள் வாங்கக்கூடிய விலையில்.

வாங்குமுன் உதட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம், கடையின் டெஸ்டர் பலர் வாயைத் தொட்டது. புறங்கையில் ஒரு கோடு இழுத்து ஐந்து நிமிடம் காயவிடுங்கள். டிஷ்யூவால் அழுத்துங்கள், பிறகு தண்ணீர் விட்டுத் தேயுங்கள். இந்த இரண்டிலும் மலிவான லிப்ஸ்டிக்குகளே நன்றாகத் தேறிவிடுகின்றன. மூன்றாவதாக ஒரு சொட்டு நல்லெண்ணெய். அங்கேதான் 300 ரூபாயும் 900 ரூபாயும் சேர்ந்து வழுக்குகின்றன. சிலிகோன் ஏடு தண்ணீருக்குப் பயப்படாது, எண்ணெயில் இளகிவிடும். காபிக்குத் தாங்கிய நிறம் இட்லிப்பொடி எண்ணெயிலும் பரோட்டா சால்னாவிலும் உதட்டின் உட்புறத்திலிருந்து உரியத் தொடங்குவது இதனால்தான். மேலே மேலே பூசினால் ஏடு கனத்து வெடிக்கும், ஒரே ஒரு மெல்லிய பூச்சுதான் நிற்கும். இரவில் கழற்றவும் அதே குணம் உதவும். தேங்காய் எண்ணெய் தடவி ஒரு நிமிடம் விட்டால் தேய்க்காமலே வந்துவிடும்.

அட்டையில் உற்பத்தி உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பனை நிறங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. பெயரில்லாத தெருக்கடைச் சரக்குக்கு அதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

லிப்ஸ்டிக் செய்பவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. '12 மணி நேரம் நிற்கும்' என்று அட்டையில் அச்சடிக்கிறீர்கள். அந்த 12 மணி நேரத்தில் சோதனைக்கு வந்தவர் என்ன சாப்பிட்டார் என்பதையும் பக்கத்தில் அச்சடியுங்கள்.