ஆறு அவைகளும் ஒரு சவுக்கு மரமும்

கருத்தரங்குகளால் என்ன விளைந்தது என்று மக்கள் கேட்பது நியாயமான கேள்வி. பேசியவர்கள் கலைந்து போனபின் கட்டுரைத் தொகுப்பு நூலக அடுக்கில் ஏறிவிடுகிறது. வயலிலும் காட்டிலும் ஏதாவது மாறியதா? தாவர உயிரியலும் வன மரபியலும் பேசும் ஓர் அவைக்காக வெளியாகும் மலரில் இக்கேள்விக்கு விடை சொல்வது கடமை. பொதுவாகச் சொல்லும் விடையை யாரும் நம்பப் போவதில்லை. ஆகவே நாம் எல்லாரும் அறிந்த ஒரு மரத்தின் வரலாற்றைக் கொண்டு சொல்கிறேன். பந்தற்காலாகவும், கட்டடச் சாரமாகவும், அடுப்பில் மிலாராகவும், காகித ஆலையில் கூழாகவும் நம்மோடு வாழும் சவுக்குதான் அந்த மரம்.

சவுக்குக்காக மட்டுமே 2019 வரை ஆறு பன்னாட்டுக் கருத்தரங்குகள் நடந்தன. 1981இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா, 1990இல் எகிப்தின் கெய்ரோ, 1996இல் வியட்நாமின் டா நாங், 2010இல் சீனாவின் ஹைக்கோ, 2014இல் நம் மாமல்லபுரம், 2019இல் தாய்லாந்தின் கிராபி. தேக்குக்கோ சந்தனத்துக்கோ உள்ள பெருமை சவுக்குக்கு இல்லை. அது ஏழை மரம், ஏழைகளின் மரம். அப்படிப்பட்ட மரத்துக்காக உலகம் ஆறு முறை கூடியதற்குக் காரணம் உண்டு. அதைப் பற்றிய அறிவு எந்த ஒரு நாட்டிடமும், எந்த ஒரு துறையிடமும் முழுமையாக இல்லை.

அவைக்கு முந்தைய அறிவு

சவுக்கைக் கண்டு தாவரவியலார் நெடுங்காலம் குழம்பினர். நாம் ஊசியிலை என்று நினைப்பது இலையே அன்று. கணுக்கணுவாக அமைந்த பச்சைக் குச்சி. உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் பல் வரிசைபோலச் சுருங்கி நிற்கின்றன. நம் கடற்கரைச் சவுக்கான காசுவரினா ஈக்விசெட்டிஃபோலியாவில் ஒரு கணுவுக்குப் பெரும்பாலும் ஏழு அல்லது எட்டுப் பற்கள் இருக்கும். இனங்களைப் பிரித்தறிய இந்த எண்ணிக்கையே முதல் அடையாளம்.

1891இல் ஜாவாவின் பொய்டன்சோர்க் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் மெல்கியோர் ட்ரூப் ஒரு புதுமையைக் கண்டார். மகரந்தக்குழல் வழக்கம்போல் சூல்துளை வழியே நுழையாமல், சூலின் அடிப்பகுதி வழியே ஏறிக் கருப்பையை அடைந்தது. பூக்கும் தாவரங்களின் வகைப்பாட்டையே திருத்த வேண்டும் என்று அவர் வாதிட்டார். எங்ளரின் வகைப்பாட்டில் சவுக்கு இருவித்திலைத் தாவரங்களின் முதல் வரிசையில், மிகத் தொன்மையானதாக வைக்கப்பட்டது. அதன் எளிய பூ தொன்மையின் அடையாளமா, சுருக்கத்தின் விளைவா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய பி.ஜி.எல். சுவாமி 1948இல் சவுக்கின் வாழ்க்கைச் சுற்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, அந்த விவாதத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. கன்னட வாசகர்கள் இலக்கியவாதியாகப் போற்றும் அவர், நுண்ணோக்கியின் கீழ் சவுக்கின் சூலை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தவர். மூலக்கூறுச் சான்றுகள் வந்தபின் சவுக்குக் குடும்பம் ஓக், பிர்ச் மரங்களின் வரிசையில் இடம்பெற்றது. தொன்மை என்று எண்ணியது சுருக்கமே என்று தெளிந்தது.

இந்த அறிவெல்லாம் ஒருபுறம் வளர, உழவரும் வனத்துறையினரும் மறுபுறம் மரத்தை நட்டுக்கொண்டே இருந்தனர். 1868இல் கார்வாரில் சவுக்கு நடப்பட்டது. அதே நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் கடலோரங்களிலும் அது பரவியது. தென்சீனக் கரையில் 1950களில் மணற்புயலைத் தடுக்கச் சவுக்கு வரிசைகள் எழுந்தன. ஃபூஜியான் மாகாணத்தின் டோங்ஷான் தீவில் குன்றுகளாகக் குவிந்த மணலை மக்களோடு சேர்ந்து சவுக்கு நட்டு அடக்கிய குவ் வென்சாங் இன்றும் அங்கே நினைவுகூரப்படுகிறார். ஜாவாவின் கருவியல் முடிவோ சென்னை உழவரின் அனுபவமோ டோங்ஷானை எட்ட வழியில்லாத காலம் அது.

கான்பெராவில் கூடிய துறைகள்

1981 ஆகஸ்டில் கான்பெராவில் நடந்த முதல் அவை அந்தத் தொலைவைக் குறைத்தது. அதன் தொகுப்பு சூழலியல், பராமரிப்பு, பயன்பாடு என்ற மூன்றையும் ஒரே நூலில் சேர்த்தது. சிட்னி தாவரத் தோட்டத்தின் லாரி ஜான்சன் அப்போதுதான் காசுவரினா என்ற ஒற்றைப் பேரினத்தைப் பிரித்தெழுதிக்கொண்டிருந்தார். அவர் தொடங்கிய பிரிப்பின்படி இன்று இக்குடும்பத்தில் நான்கு பேரினங்கள் உள்ளன. இனங்கள் ஏறத்தாழத் தொண்ணூறு. பெயர் திருந்தினால்தான் விதைப் பையின் மேல் எழுதப்படுவது நம்பத்தக்கதாகும். எந்த இனம், எந்தத் தீவின் விதை என்று தெரியாமல் நட்ட தோட்டத்திலிருந்து யாரும் எதையும் கற்க முடியாது.

அந்த ஆண்டுகளில் வேரடியிலும் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. சவுக்கின் வேர்முடிச்சுகளில் ஃப்ரான்கியா என்ற இழைவடிவ பாக்டீரியா குடியிருந்து காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது என்பது முன்பே தெரியும். அதைத் தனியே பிரித்து வளர்க்க நூறாண்டு காலம் எவராலும் இயலவில்லை. 1978இல் ஹார்வர்டின் டோரி குழுவினர் வேறொரு செடியின் முடிச்சிலிருந்து அதை முதன்முதல் வளர்த்துக் காட்டினர். 1980களின் முற்பகுதியில் சவுக்கின் ஃப்ரான்கியாவும் வளர்ப்புக்கு வந்தது. இதில் செனகலின் டாக்காரில் டொமர்க் குழுவினர் செய்த பணி முன்னோடியானது. மணலில் மரம் நடுகிற வனத்துறையினருக்கு இது வெறும் ஆய்வகச் செய்தியாக இருக்கவில்லை. நாற்றங்காலில் எந்த நுண்ணுயிரைக் கொடுத்தால் கன்று தழைக்கும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்கியது. 1984இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம், கடினமான நிலங்களுக்கேற்ற, நைட்ரஜனை நிலைப்படுத்தும் மரங்களாகச் சவுக்கினங்களைக் குறித்துத் தனி நூல் வெளியிட்டது.

விதை கைமாறிய கதை

மரபியலில் கருத்தரங்கின் உண்மையான பலன் உரைகளுக்குப் பின்னே விதைகள் நகர்வதில்தான் இருக்கிறது. 1990இன் கெய்ரோ அவைக்குப் பின் ஆஸ்திரேலிய மரவிதை மையத்தின் ஒருங்கிணைப்பில், பல நாடுகளிலிருந்து சேர்த்த கடற்கரைச் சவுக்கு விதைகள் பல நாடுகளின் ஆய்வுத் திடல்களில் அருகருகே நடப்பட்டன. விதைமூல ஆய்வு என்பது இதுதான். ஒரே இனத்தின் பல ஊர் விதைகளை ஒரே நிலத்தில் நட்டு, எது நிமிர்ந்து வளர்கிறது, எது கிளைத்துக் கெடுகிறது, எது நோய்க்குத் தாங்குகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளப்பது. ஒரு நாடு தனியாக இதைச் செய்ய முடியாது. விதை தர மறுக்கிற நாடு ஒன்றிருந்தாலும் ஆய்வில் ஓட்டை விழும். நம்பிக்கை இல்லாமல் விதை வராது; முகம் பார்த்துப் பேசாமல் நம்பிக்கை வராது.

நம் நாட்டுச் சவுக்குக்கு இந்த ஆய்வு மிகத் தேவையாக இருந்தது. நூறாண்டுக்கு முன் வந்த சிறிதளவு விதையிலிருந்து பெருகியதால் அதன் மரபணு வளம் குறுகியது. ஒரு தோப்பிலேயே எடுத்த விதையை மறுபடி மறுபடி நட்டதால் அது மேலும் குறுகியது. பட்டையில் கொப்புளம் எழுந்து, வெடித்துக் கறுப்புத் துகளை உதிர்த்து, மரத்தை வாட்டும் பூஞ்சை நோயை ஆங்கில ஆட்சிக்காலத்திலேயே பூஞ்சையியலார் இங்கே பதிவு செய்துள்ளனர். ஒரே மாதிரியான மரங்கள் நெருங்கி நிற்கும் தோப்பில் நோய் ஒன்று நுழைந்தால் ஓடி ஒளிய இடமில்லை.

அடுத்த வாய்ப்பு இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தது. ஜாவாவின் எரிமலைச் சரிவுகளிலும், பாலி முதல் திமோர், வெட்டார் வரையிலும் வளரும் காசுவரினா ஜங்கூனியானா என்ற இனம் வறட்சியையும் கனத்த களிமண்ணையும் தாங்கும். வெட்டினால் நன்றாகத் துளிர்க்கும். கடற்கரைச் சவுக்குக்கு மறுதாம்புத் திறம் குறைவு. தாய்லாந்தில் ஏறத்தாழ 1900இல் வந்த ஒரு ஆண் மரத்தைப் பதியனிட்டும் தண்டு நட்டுமே மக்கள் பெருக்கினர். அது இவ்விரண்டு இனங்களின் கலப்பு என்று பின்னர் ஆய்வாளர் கருதினர். உழவர் கை கண்டுவைத்திருந்ததை மரபியலார் விளக்கினர். இரண்டையும் அருகில் நட்டால் காற்றே மகரந்தத்தை ஏற்றிச் சென்று கலப்பினத்தைத் தரும்.

1988இல் கோவையில் தொடங்கிய வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டது. வெளியிலிருந்து வந்த விதைமூலங்களையும் நம் நாட்டு வழியையும் ஆய்வுத் திடல்களில் நட்டுத் தேர்ந்தது. விதைத் தோட்டங்கள் எழுப்பியது. கலப்பினச் சவுக்குக் குளோன்களை வெளியிட்டது. இன்று நாற்றுப் பண்ணைகளில் சி.எச். 1, சி.எச். 5 என்று பெயர் சொல்லிக் கேட்கும் உழவர், அந்தப் பெயருக்குப் பின்னே கான்பெராவும் கெய்ரோவும் டா நாங்கும் இருப்பதை அறியமாட்டார். அறிய வேண்டியதும் இல்லை. ஆனால் கருத்தரங்கை நடத்துபவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும்.

மாமல்லபுரத்தின் கேள்வி

2014 பிப்ரவரியில் ஐந்தாம் அவை மாமல்லபுரத்தில் கூடியது. அதன் தலைப்பே கிராம வாழ்வாதாரம். நான்காவது அவையும் சிறு உழவர் வாழ்வைத் தலைப்பாக்கியிருந்தது. சூழலியலில் தொடங்கிய உரையாடல் மூன்று பத்தாண்டுகளில் உழவரின் வரவு செலவை வந்தடைந்தது. இது இயல்பான வளர்ச்சி. கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் சவுக்கு மூன்று முதல் ஐந்தாண்டுப் பயிர். நிலக்கடலைக்கும் நெல்லுக்கும் கூலியாள் கிடைக்காத வீட்டுக்கு அது வைப்புத் தொகை. மகள் திருமணத்துக்கோ மகன் படிப்புக்கோ வெட்டி விற்பார்கள். அந்தக் குடும்பத்துக்கு வளர்ச்சியில் ஓராண்டு மிச்சமானால் அது பெருந்தொகை.

அதே அவைகளில் எச்சரிக்கைகளும் எழ வேண்டும். தென்சீனத்தில் சில குளோன்களை மட்டும் நம்பி எழுப்பிய தோப்புகளைத் தக்காளி, கத்தரியை வாட்டும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா பெருமளவில் தாக்கியது. நம் ஊரில் இரண்டு மூன்று குளோன்களே எங்கும் பரவிவரும் இந்நாளில் இதை நாம் கவனிக்க வேண்டும். ஃபுளோரிடாவில் சவுக்கு ஊடுருவும் களையாகவே கருதப்படுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் 2005இல் வந்த கட்டுரை, அலையாத்தியும் சவுக்கும் இருந்த இடங்களில் சேதம் குறைந்ததைச் சொன்னது. கடலோரத் தாவரங்கள் பேரலையை எவ்வளவு தடுக்கும் என்பதில் பின்னர் வாதங்கள் நடந்தன. அலை தொடும் மணல் வரை சவுக்கை நெருக்கி நட்டால் பங்குனி ஆமை முட்டையிடும் இடமும், அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் கட்டிக் காத்த மணல்மேடும் சுருங்கும். மரத்தை நேசிப்பவர்களே இதை முதலில் சொல்ல வேண்டும்.

அறிவும் இதற்குள் ஆழ்ந்து சென்றுள்ளது. 2007இல் ஃப்ரான்கியாவின் மூன்று வகைகளின் மரபணுத்தொகை ஒப்பிடப்பட்டது. சவுக்கோடு மட்டும் ஒட்டி வாழும் வகையிடம் ஏறத்தாழ 54 லட்சம் கார இணைகள். பல செடிகளோடு வாழும் வகையிடம் 90 லட்சம். ஓரிடத்தில் ஒடுங்கி வாழ்ந்த உயிர் தன் மரபணுக்களை இழந்துவந்திருக்கிறது. 2008இல் மான்ட்பெல்லியே ஆய்வாளர், பயறுச் செடிகளில் வேர்முடிச்சுக்கு வேண்டிய ஒரு மரபணு சவுக்கிலும் அதே வேலையைச் செய்வதைக் காட்டினர். 2019இல் சவுக்கின் மரபணுத்தொகையே வெளியானது. அதன் அளவு மனித மரபணுத்தொகையில் பத்தில் ஒரு பங்கு. நெல்லுக்கும் கோதுமைக்கும் வேர்முடிச்சு தர முடியுமா என்று கனவு காணும் உலகுக்குச் சவுக்கும் ஒரு பாடநூல்.

இனி வரும் அவைகளுக்கு

ஆறு அவைகளின் வரலாற்றிலிருந்து மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு கருத்தரங்கும் முடியும்போது எந்த விதை, எந்த நுண்ணுயிர், எந்தத் தரவு யாருக்குப் போகும் என்று எழுதி ஒப்புக்கொள்ளட்டும். அடுத்த அவையின் முதல் அமர்வு அந்தப் பட்டியலைச் சரிபார்ப்பதாக இருக்கட்டும். இரண்டாவது, நட்ட திடலின் பதிவேட்டைப் பாதுகாப்பதை ஆய்வாகவே கருத வேண்டும். நட்டவர் ஓய்வு பெற்று, அடையாளப் பலகை உதிர்ந்தபின் அரிய விதைமூலத் திடல் வெறும் விறகுத் தோப்பாகிவிடும். மூன்றாவது, ஓர் அமர்வாவது உழவர் மொழியில் நடக்கட்டும். சவுக்கைப் பற்றித் தமிழில் கேள்வி கேட்கும் உழவர் அவையில் அமர்ந்தால், குளோன் எண்ணிக்கையைப் பற்றியும் மண்ணின் களைப்பைப் பற்றியும் ஆய்வாளர் மறைக்க முடியாத கேள்விகள் எழும்.

மரபணு வளத்தைக் குறுக்கி விளைச்சலைப் பெருக்குவது எளிது. பெருக்கியபின் வளத்தை விரிப்பது கடினம். பல நாடுகள் கூடினால்தான் அது நடக்கும். இந்த மலரை வெளியிடும் அவை, சவுக்கானாலும் வேம்பானாலும் புளியானாலும், ஒரு மரத்தைத் தேர்ந்து அதற்கான விதைமூலத் திட்டத்தைத் தொடங்கிவிட்டுக் கலையுமானால், கருத்தரங்கால் என்ன விளைந்தது என்று கேட்பவர்களை நிலத்துக்கே அழைத்துச் சென்று காட்டலாம்.