மொரப்பாக்கத்துப் பந்து

விழுப்புரத்தில் கிளம்பி சென்னைப் பக்கம் போகும் பாசஞ்சர், திண்டிவனத்தைத் தாண்டியதும் ஒலக்கூர், தொழுப்பேடு, அச்சிறுபாக்கம் என்று நின்று நின்று போகும். சித்திரை வைகாசியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வறண்ட ஏரிகள் கண்ணில் படும். நடுவே மூன்று கம்பு நட்டு, டென்னிஸ் பந்தோடு ஒருவன் ஓடி வருவான். ரன்-அப் தொடங்கும் இடத்துக்கு அடையாளம், அவன் கழற்றி வைத்த செருப்பு. வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் முன்கால் ஊன்றும் ஒரு சாண் இடத்தை மட்டும் மண் போட்டு மிதித்துச் சமமாக்கியிருப்பான்.

அந்த ரயில் போகும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் மொரப்பாக்கம் இருக்கிறது. இந்தியாவுக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர் எம்.ஜே. கோபாலன் 1909இல் பிறந்த ஊர். பெயரின் முன்னெழுத்தில் இருக்கும் ‘எம்’ அந்த ஊர்தான்.

கோபாலனைக் கண்டெடுத்தவர் சென்னையில் இருந்த ஆங்கிலேய ஆட்டக்காரர் சி.பி. ஜான்ஸ்டன். பாராட்டிவிட்டுப் போகவில்லை அவர். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். கோபாலனின் கிரிக்கெட் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை. பந்து வீசிப் பிழைக்க முடியாத காலம் அது. மாதச் சம்பளம் வந்ததால்தான் திருவல்லிக்கேணி கிளப்புக்கும் சென்னை மாகாணத்துக்கும் அவர் நிம்மதியாக ஆட முடிந்தது.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட். ஒரு விக்கெட். அதோடு சரி, இன்னொரு டெஸ்ட் அவருக்குக் கிடைக்கவில்லை. முகமது நிசாரும் அமர் சிங்கும் புதுப் பந்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் மூன்றாவது வேகப்பந்து வீச்சாளருக்கு இடம் ஏது?

ஆனால் வேறொரு முதல் பந்து அவருக்கென்றே காத்திருந்தது. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே முதல் பந்தை வீசியவர் மொரப்பாக்கத்துக் கோபாலன். மைசூர் 48 ரன்னில் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் திரும்ப வந்து 59இல் முடிந்தது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். பொழுது சாய்வதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது.

கோபாலன் ஹாக்கியிலும் தேர்ந்தவர். 1935இல் தியான் சந்தோடு நியூசிலாந்து போய் ஆடிவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு, இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியா, பெர்லின் ஒலிம்பிக்குக்கான ஹாக்கித் தேர்வா என்ற கேள்வி வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில் சண்டையும் சச்சரவுமாக நடந்த பயணம் அது. ஒரு டெஸ்டில்கூட கோபாலனை இறக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் பெர்லினில் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது. இதைப் படிக்கும் எவருக்கும் அவருக்காக மனம் வலிக்கும்.

அவருக்குப் பின் வந்த வேகப்பந்து வீச்சாளர் சி.ஆர். ரங்காச்சாரி மாமண்டூரில் பிறந்தவர். அவருக்குச் சோறு போட்டது போலீஸ் வேலை. 1948 நவம்பரில் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸ் 27 ரன்னுக்கு 3 விக்கெட் இழந்து தடுமாறியது; மூன்றும் ரங்காச்சாரி எடுத்தவை. பிறகு அவர்கள் எழுந்து 631 அடித்தார்கள் என்றாலும், அவர் 107 ரன்னுக்கு 5 விக்கெட்டோடு முடித்தார். நாள் முழுக்க அடி வாங்கியும் கை தளராத வீச்சு.

வேகத்தை ஒரு தொழிலாகக் கற்றுத்தரும் இடம் சென்னைக்கு வர 1987 ஆனது. எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனை டென்னிஸ் லில்லியின் வழிகாட்டலில் தொடங்கினார்கள். பந்து வீசியே பிழைக்கலாம் என்ற நிலைமை அதற்கும் வெகு காலம் கழித்துத்தான் வந்தது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் வீசிப் பழகிய நடராஜனை 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

அந்த நிலைமை உலகெங்கும் வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. நெதர்லாந்தின் வேகப்பந்து வீச்சாளர் பால் வான் மீகெரன், கொரோனாவால் உலகக் கோப்பை தள்ளிப்போன 2020இல், குளிர்காலத்தைச் சமாளிக்க வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றே ஆண்டில் தரம்சாலாவில் தென்னாப்பிரிக்காவை நெதர்லாந்து வீழ்த்திய ஆட்டத்தில் 2 விக்கெட் எடுத்தார். கோபாலனுக்கு எண்ணெய்க் கம்பெனி, ரங்காச்சாரிக்குப் போலீஸ் வேலை, இவருக்குச் சாப்பாட்டுப் பை.

நடராஜன் சம்பாதித்த பணத்தில் தன் ஊரிலேயே ஒரு மைதானம் கட்டினார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். ஒலக்கூர்ப் பக்கத்துப் பையனுக்கோ ஏரிதான் மைதானம். ஐப்பசியில் மழை பிடித்து ஏரி நிரம்பினால், அவன் மிதித்துச் சமமாக்கிய அந்த ஒரு சாண் இடம் தை மாசி வரைக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும்.