பீரங்கியும் பெட்ரோலும்: நான் திருத்த வேண்டிய ஒரு விடை

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் பாதியில் எழுந்து போக முடியாது, இங்கே முடியும். ஆனாலும் இருங்கள்.

நம் செஞ்சி ராஜகிரி உச்சியில் ஒரு பீரங்கி கிடக்கிறதல்லவா, உங்களில் பலரை மூச்சிரைக்க மேலே ஏற்றி அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் பாடம் எடுத்திருக்கிறேன். "கார் எஞ்சினும் ஒரு பீரங்கிதான். குண்டுக்குப் பதில் பிஸ்டன், மருந்துக்குப் பதில் பெட்ரோல். குண்டு வெளியே போய்விடும், பிஸ்டன் திரும்பி வரும்" என்பேன். கை தட்டுவீர்கள்.

ஒப்புமையில் கொஞ்சம் வரலாறும் உண்டு. 1677-இல் சிவாஜி நம் கோட்டையைப் பிடித்தார். அதே பத்தாண்டில் பாரிசில் ஹைகன்ஸ் என்ற அறிஞர் குழாய்க்குள் வெடிமருந்தைக் கொளுத்தி வேலை வாங்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சரிப்பட்டு வரவில்லை. உறிஞ்சி, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளும் நான்கு அடி எஞ்சினை ஆட்டோ என்ற ஜெர்மானியர் 1876-இல் ஓட்டிக் காட்டும்வரை இருநூறு வருடம் ஆனது.

போன மாதம் ஒரு பழைய மாணவன் வந்திருந்தான். இப்போது மெக்கானிக். இந்தப் பீரங்கிக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "சார், உள்ள வெடிச்சா எஞ்சின் போயிடும் சார்" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் எட்டில் ஒரு பங்காக, பத்தில் ஒரு பங்காக நசுக்கப்பட்டிருக்கும். பிளக்கில் பொறி தட்டியதும் தீ அங்கிருந்து சீராகப் பரவி பிஸ்டனைத் தள்ளும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இது நடக்கிறது. வேகம்தான், ஆனால் எரிதல், வெடிப்பு அல்ல. தீ வந்து சேருமுன்பே ஒரு மூலையில் இருக்கும் கலவை தானாகப் பற்றினால்தான் வெடிப்பு. மேடேறும்போது டக் டக்கென்று கேட்கும் 'நாக்கிங்' அதுதான்.

இதற்கு வேர் பெட்ரோல் பிறக்கும் இடத்தில் இருக்கிறது. மணலியில் 1969-இல் தொடங்கிய நம் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைக் கொதிக்கவைத்து உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். கனமானது கீழே தங்கும், டீசலும் மண்ணெண்ணெயும் நடுவில் குளிரும், லேசான பெட்ரோல் உச்சிக்குப் போகும். (சாராயம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யாரென்று கேட்க மாட்டேன்.) இப்படி நேராக வடித்த பெட்ரோல் அதிக அழுத்தம் தாங்காது, சீக்கிரம் தட்டும். அழுத்தம் கூடினால்தான் எஞ்சினுக்குப் பலம். என்ன செய்வது?

1921 டிசம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி ஒரு வழி கண்டார். டெட்ரா எத்தில் ஈயத்தைத் துளி அளவு கலந்தால் தட்டல் நின்றுவிடும். எரிசாராயம் கலந்தாலும் நிற்கும் என்று அவருக்கே தெரியும். ஆனால் ஈயம் மலிவு, கொஞ்சம் போட்டாலே போதும், காப்புரிமையும் கிடைக்கும். 1923-இல் விற்பனைக்கு வந்தது. பெயர் 'ஈத்தைல்'. பெயரில் ஈயம் இல்லை, கவனியுங்கள். அடுத்த வருடமே நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, ஐந்து பேர் இறந்தார்கள். விற்பனை சிறிது காலம் நின்றது, பிறகு மீண்டும் தொடங்கிவிட்டது. ஈயம் எஞ்சினுக்குள் படியாமல் புகையோடு வெளியே போவதற்கென்றே இன்னொரு ரசாயனமும் சேர்த்தார்கள். எஞ்சின் சுத்தமாக இருந்தது. வெளியே வந்தது தெருவில் நின்றவர்களின் நுரையீரலுக்குப் போனது.

இனி என் பங்கு. "பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை உயர்த்தச் சேர்க்கப்படுவது எது?" இரண்டு மதிப்பெண் வினா. டெட்ரா எத்தில் ஈயம் என்று எழுத வைத்து, வாய்பாட்டையும் ஒப்பிக்க வைத்தேன். அது விஷம் என்று ஒரு வரிகூடச் சொன்னதில்லை. அப்போது படிப்பை விட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போன பையன்கள் டேங்கில் குழாய் விட்டு வாயால் பெட்ரோலை உறிஞ்சுவார்கள், கிரீஸ் கையைப் பெட்ரோலில் கழுவுவார்கள். அந்த ஈயம் தோல் வழியாகவே உள்ளே போகக்கூடியது. நானும் என் ஸ்கூட்டர் பிளக்கைத் துடைத்துவிட்டு அப்படித்தான் கை கழுவினேன். (பஸ், லாரிப் புகையை இதில் சேர்க்காதீர்கள். அவை டீசல், டீசலில் இந்த ஈயம் கிடையாது.)

ஈயமில்லாத பெட்ரோல் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு வந்தது. பிள்ளைகளுக்காக என்று நினைத்தேன். புதிய கார்களின் புகைக்குழாயில் பொருத்தத் தொடங்கிய வினையூக்கிப் பெட்டியை ஈயம் கெடுத்துவிடும் என்பதுதான் உடனடிக் காரணம் என்று பிறகு படித்தேன். அந்தக் கார் செஞ்சியில் யாரிடம் இருந்தது? நமக்கு 2000 பிப்ரவரி 1 வரை ஆனது, நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்ற நாள் அது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஜார்ஜ் ஃபவுண்டேஷன், சென்னை, வேலூர் உட்பட ஏழு ஊர்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தது. 12 வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கு மேல் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. இன்று நம் பங்க்குகளில் கலப்பது எத்தனால், அதாவது மிட்ஜ்லி ஒதுக்கிவைத்த அதே எரிசாராயம், அதுவும் பெரும்பாலும் கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும்.

ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும், ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். 2000-க்கு முன் ஒர்க்‌ஷாப்பிலோ பெட்ரோல் பங்க்கிலோ வருடக்கணக்கில் வேலை பார்த்த என் பிள்ளைகள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள். இந்தப் பதிவைப் பார்க்காத உங்கள் வகுப்புத் தோழர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். அவர்களில் பாதிப் பேர் ஃபேஸ்புக்கில் இல்லை.