சிறுவர் நூல்களில் புலம்பெயர் குடும்பங்கள்

தாய்நாட்டை நீங்கி அந்நிய தேசத்தில் குடியேறியோரும் அடைக்கலம் புகுந்தோரும் குழந்தைகளுக்கான நூல்களில் சித்திரிக்கப்படும் விதத்தைக் குறிப்பது இத்தலைப்பு. இவ்வகை நூல்களில் பயணமே பிரதானம். படகு, எல்லை, புதிய பள்ளி என்ற கட்டங்களோடு பெரும்பாலானவை நிறைவெய்திவிடும்.

நூல் என்பது குழந்தைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறரைக் காட்டும் சாளரமாகவும் அமைதல் வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் ரூடீன் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதியது இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் 2006-இல் வெளியிட்ட ‘தி அரைவல்’, பிழைப்புத் தேடிச் சென்ற ஒரு தந்தையின் கதையைச் சித்திரங்களாலேயே கூறுவது. புதிய நகரத்தின் எழுத்துகளை எவராலும் படிக்க இயலாதவையாக வரைந்து, வந்தவனின் திகைப்பில் வாசகனையும் ஆழ்த்திவிடுகிற சாமர்த்தியம் அதனுடையது. சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட நீனா சப்னானியின் நூல், தேசப் பிரிவினையின்போது கராச்சியில் பிரிந்த முகந்த், ரியாஸ் என்னும் இரு நண்பர்களைப் பற்றியது.

வந்து சேர்ந்தபின் ஆண்டுக்கணக்கில் நீளும் காத்திருப்போ நூலாசிரியர்களை அவ்வளவாகக் கவர்வதில்லை. கென்யாவின் தாதாப் முகாமில் வளர்ந்த உமர் முகமது, விக்டோரியா ஜேமிசனுடன் இணைந்து 2020-இல் வெளியிட்ட சித்திர நூல் இதற்கொரு சிறந்த விலக்கு. தமிழகத்தில் அதற்கு நேரான வாழ்க்கை, மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, வானூர்ப் பகுதியின் கடலோரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடுத்த கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமில் உள்ளது. இலங்கையில் மூண்ட 1983 கலவரத்துக்குப் பின்னும், 1990-இல் போர் மீண்டும் மூண்டபோதும் கடல் கடந்து தமிழகம் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். படகு அவர்களுக்கு அம்மம்மா சொல்லும் கதை மட்டுமே. முகாம் பதிவு, அரசு தரும் பணக்கொடை, சரிபார்ப்பு நாளில் குடும்பத்தோடு வந்து நிற்றல் ஆகியவையே அவர்கள் நேரில் கண்ட புலம்பெயர்வு. 2021-இல் அகதிகள் முகாம் ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கு வாழ்வோரின் குடியுரிமைச் சிக்கலோ தீரவில்லை.

ஈழத்து நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டோடு வளர்ந்த பாட்டியும், அழ. வள்ளியப்பாவின் பாடல்களைப் படிக்கும் பேத்தியும் ஒரே கூரையின்கீழ் வாழும் இத்தகைய குடும்பம், இருவர் மொழியும் தமிழாகவே இருந்தும், தமிழ்ச் சிறுவர் நூல்களில் அரிதாகவே தென்படுவது விந்தைதான். பர்மாவிலிருந்து திரும்பியோரையும், 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியோரையும் பற்றிய நிலையும் ஏறக்குறைய இதுவே. முகாம்களில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நெடுங்காலமாகக் கல்விப்பணி புரிந்துவருகிறது. பிள்ளைகள் பகலில் படிப்பது உள்ளூர் மாணவருக்குரிய அதே அரசுப் பாடநூல்களை.