யாரால்? ஆங்கில வகுப்பில் காணாமல் போகும் எழுவாய்

தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நாட்களில் ஒரு சிறுநகரத்து டியூட்டோரியலில் ஆங்கில இலக்கணம் நடத்தினேன். தமிழ் படித்தவனை ஆங்கிலம் எடுக்கச் சொன்னதில் யாருக்கும் சங்கடமில்லை. பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு 'வாய்ஸ்' மாற்றக் கற்றுக்கொடுத்தால் போதும், நிச்சயமான மார்க். கரும்பலகையில் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: 'ராமா கில்டு ராவணா'. அதை 'ராவணா வாஸ் கில்டு பை ராமா' என்று திருப்ப வேண்டும். செத்தவனை முன்னே கொண்டுவா, 'வாஸ்' போடு, வினையின் மூன்றாம் வடிவத்தை எழுது, 'பை' போட்டுக் கொன்றவனைக் கடைசியில் உட்காரவை. பெரியார் ராமாயணத்தைத் தலைகீழாகப் படித்துக்காட்டிய மண்ணில் நாங்கள் அதை இப்படித் தலைகீழாக்கிக்கொண்டிருந்தோம். 'அர்த்தம் மாறாது, வடிவம்தான் மாறும்' என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன்.

ஒருநாள் 'யாரோ என் பேனாவைத் திருடிவிட்டார்கள்' என்கிற வாக்கியம் வந்தது. விடை: 'என் பேனா திருடப்பட்டுவிட்டது.' செய்தவர் தெரியாதவர் என்றாலோ முக்கியமில்லாதவர் என்றாலோ 'பை' போட்டு எழுத வேண்டியதில்லை என்பது விதி. பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: 'சார், எடுத்தது யாருன்னு தெரிஞ்சே விட்டுட்டா?' 'மார்க் குறையாது' என்றேன். வகுப்பு சிரித்தது. நானும்தான்.

இந்தப் பயிற்சிக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயனீஷியஸ் த்ராக்ஸின் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணம், வினையின் நிலைகளை மூன்றாகப் பிரிக்கிறது: செய்தல், படுதல், இரண்டுக்கும் இடைப்பட்டது. முதல் இரண்டுக்கும் அது தரும் உதாரணம் 'அடிக்கிறேன்', 'அடிக்கப்படுகிறேன்' என்பது. இலத்தீன் இலக்கணக்காரர்கள் இதை வாங்கிக்கொண்டார்கள். 'பாஸிவ்' என்ற சொல்லின் வேரே துன்புறுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினைதான். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் விகுதி மாறி இதைக் காட்டும். ஆங்கிலத்தில் அப்படி விகுதி கிடையாது, துணைவினையைச் சேர்த்துத்தான் சொல்ல முடியும். ஆனாலும் இலத்தீன் அச்சில் எழுதிய ஆங்கில இலக்கணங்கள், 1795இல் வந்த லிண்ட்லி மர்ரேயின் நூல் உட்பட, 'நேசிக்கிறேன்', 'நேசிக்கப்படுகிறேன்' என்று அட்டவணை போட்டன.

1835இல் மெக்காலேயின் குறிப்புக்குப் பிறகு இங்கே ஆங்கிலக் கல்வியும் பரீட்சையும் உத்தியோகமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. (கட்டப்பட்டன என்று எழுதிவிட்டேன், பாருங்கள். கட்டியது கம்பெனி அரசு.) நெஸ்ஃபீல்டின் இலக்கணமும் பிறகு 1930களில் வந்த ரென் - மார்ட்டினும் இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கின. வாக்கியத்தைத் திருப்பிப்போடுவது பரீட்சைக்குத் தோதான வித்தை. விடை ஒன்றே ஒன்று. திருத்துகிறவர் யோசிக்க வேண்டியதில்லை. அதோடு அது காரியாலயத்துக்கும் தேவைப்பட்ட வித்தை. 'உத்தரவிடப்படுகிறது', 'மனு நிராகரிக்கப்பட்டது' என்று எழுதும் அதிகாரியின் கையெழுத்து தாளின் அடியில் இருக்கும். வாக்கியத்துக்குள் அவர் இருக்கமாட்டார்.

'அர்த்தம் மாறாது' என்பதை ஆங்கில மொழியியலாளர்களே பிற்பாடு கேள்விக்குள்ளாக்கினார்கள். 1975 ஜூனில், அன்று ரொடீஷியாவாக இருந்த ஜிம்பாப்வேயின் தலைநகர் சாலிஸ்பரியில் போலீஸ் கறுப்பின மக்களைச் சுட்டது. மறுநாள் 'கார்டியன்' தலைப்பில் போலீஸ் எழுவாய். 'தி டைம்ஸ்' தலைப்பில் 'கலகம் செய்த கறுப்பர்கள்' முன்னே வந்தார்கள், சுட்டவர்கள் 'பை'க்குப் பின்னால் போனார்கள். 1979இல் வெளியான 'மொழியும் கட்டுப்பாடும்' என்ற பொருள்படும் தலைப்புள்ள நூலில் டோனி ட்ரூ இந்தச் செய்திகளைக் கூறுபோட்டுக் காட்டினார். அடுத்தடுத்த நாட்களின் எழுத்தில் சுட்டவர்கள் மெல்ல மெல்ல மங்கிப்போனார்கள், மிஞ்சியது சாவுகள் மட்டும். கருத்தியல் என்று நாம் பேசுவது இலக்கணத்துக்கு வெளியே எங்கோ இருக்கிற சமாச்சாரமில்லை என்பது அவருடைய வாதம்.

இதைப் படித்துவிட்டு, 'வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய் இது, தமிழ் சுத்தம்' என்று கிளம்பிவிட முடியுமா? முடியும் போலத்தான் முதலில் தெரிகிறது. 1856இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், இம்மொழிகளில் முறையான செயப்பாட்டுவினை கிடையாது, 'படு' என்ற துணைவினையை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்றார். 'படு' என்றாலும் துன்புறுதல்தான். 'பட்டவனுக்குத்தான் தெரியும்' என்கிறோம். நடுகற்களில் 'பட்டான்' என்றால் போரில் விழுந்து செத்தான். பேச்சுத் தமிழ் இந்தப் 'படு'வை அதிகம் தொடுவதே இல்லை. காவல்துறைக் குறிப்பில் 'கொல்லப்பட்டார்' என்றிருப்பது ஊர் வாயில் 'கொன்னுட்டாங்க'. யார் என்று சொல்லவில்லைதான். ஆனால் அந்த 'ஆங்க' விகுதிக்குள் மனிதர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் தொல்காப்பியத்தின் வினையியலுக்குப் போனால் இந்தப் பெருமிதம் கலைகிறது. செய்யப்பட்ட பொருளே தான் செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று அங்கே ஒரு விதி. உரையாசிரியர்கள் தரும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது. சாணியில் தோய்ந்த ஒரு கை, பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை, அங்கே இருந்திருக்கிறது. வாக்கியத்தில் 'யாரால்' என்று கேட்கக்கூட இடமில்லை. இன்றும் 'களை எடுத்தாச்சு', 'சாக்கடை அடைப்பு எடுத்தாச்சு' என்கிறோம். இறங்கியது யார்? ஆங்கிலம் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே உழைப்பவரை வாக்கியத்திலிருந்து வெளியேற்றும் வித்தை நமக்குக் கைவந்திருக்கிறது. அதே சமயம் 'பெரிய கோவில் ராஜராஜனால் கட்டப்பட்டது' என்று எழுதும்போது 'ஆல்' விழுவதே இல்லை. கல் சுமந்தவர்களுக்கு 'ஆல்' கிடையாது, ராஜாவுக்கு உண்டு. பெருமை என்றால் ஒட்டிக்கொண்டும் கொலை என்றால் உதிர்ந்தும் போகிற உருபு அது.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் மிராசுதார்களில் சிலருக்குத் தண்டனை தந்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய பண்ணையார்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் சொன்ன ஒரு காரணம். திண்ணையை மெழுகாதவர், நாற்று நடாதவர், எதையும் தன் கையால் செய்யாதவர், தீயை மட்டும் தானே வைப்பாரா? 'எரிக்கப்பட்டார்கள்' என்பது நின்றது. 'யாரால்' என்பது சட்டப்படி உதிர்ந்தது.

அப்படியானால் செயப்பாட்டுவினையே எதிரியா? ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி எழுதிய கட்டுரையில், செய்வினை போடக்கூடிய இடத்தில் செயப்பாட்டுவினை வேண்டாம் என்று விதியே போட்டார். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. 'தாழ்ந்த சாதி' என்பதற்கும் 'தாழ்த்தப்பட்ட சாதி' என்பதற்கும் நடுவே இருப்பதை யோசித்துப் பாருங்கள். முதலாவது இயற்கை போலப் பேசுகிறது, தண்ணீர் தாழ்ந்த இடத்துக்குப் போவது மாதிரி. இரண்டாவதில் ஒருவர் தாழ்த்தியிருக்கிறார். பெயரில்லை, ஆனால் 'யாரால்?' என்று கேட்கலாம். நொறுக்கப்பட்டவர் என்று பொருள்படும் 'தலித்' என்ற சொல்லும் இந்த இனம்தான். இங்கே செயப்பாட்டுவினை செய்தவனை மறைக்கவில்லை, அவன் இருக்கிறான் என்று முதன்முறையாகச் சொல்கிறது.

ஆக, படிகள் மூன்று: செய்தார்கள், செய்யப்பட்டது, ஆயிற்று. வகுப்பறை முதல் இரண்டுக்கும் இடையே மட்டும் நம்மை நடக்கவிடுகிறது. மூன்றாவதைப் பற்றிக் கேள்வித்தாளில் கேள்வி வராது. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. தாமிரபரணிக்குள் ஓடியவர்களில் குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். 'ஆற்றில் மூழ்கி இறந்தார்கள்' என்ற வாக்கியத்தில் எழுவாய் செத்தவர்கள்தான், செய்தவரும் அவர்களே என்பது போல. இந்த மூன்றாம் படியிலிருந்து 'சாகடிக்கப்பட்டார்கள்' என்ற இரண்டாம் படிக்கு ஏறுவதற்கே ஓர் இயக்கம் வேண்டியிருக்கிறது. முதல் படி நீதிமன்றத்தின் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

உண்மை அறியும் குழு அறிக்கை எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு 'பட்டது', 'ஆயிற்று', 'நேர்ந்தது' பக்கத்திலும் பென்சிலால் 'யாரால்?' என்று எழுதிப் பாருங்கள். தெரிந்தால் பெயரை எழுதுவோம். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுவோம். தெரிந்தே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பையன் கேட்டதற்கு, நான் இன்னும் அவனுக்குச் சரியான பதில் சொல்லவில்லை.